ஆர்க் குட்டியும் மண்ணில் கிடக்கும் துரியோதனனும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு கேள்வியைப் போட்டால் போதும். அன்றைய ஆட்டம் காலி, விடிய விடிய சண்டைதான். கேள்வி இது. குகைக்குள் இருந்த ஆர்க் கூட்டத்தை வெட்டிச் சாய்த்தாகிவிட்டது. உள்ளறையைத் திறந்தால் ஆர்க் குட்டிகள், ஒரு பத்துப் பதினைந்து, மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் கூட்டத்தில் ஒரு பாலடின் இருக்கிறார், அதாவது தர்மத்துக்காகவே வாள் எடுத்த சத்தியசந்தர். அந்தக் குட்டிகளை அவர் என்ன செய்ய வேண்டும்?

"ஆர்க் என்றாலே கெட்ட ஜாதி, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, வெட்டு" என்று ஒரு கட்சி. "குழந்தையய்யா!" என்று இன்னொரு கட்சி. ஐம்பது வருஷமாக உலகம் முழுக்க இந்தச் சண்டை ஓடுகிறது. இதில் வேடிக்கை, சண்டை போடுகிற இரண்டு கட்சியுமே முதல் கோணலை விட்டுவிட்டு முற்றும் கோணலைப் பற்றித்தான் பேசுகின்றன. கோணல் குகையில் இல்லை, கேரக்டர் ஷீட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கிறது.

விளையாட்டைத் தெரியாத வகுப்புத் தோழர்களுக்காகக் கொஞ்சம். இது கம்ப்யூட்டரில் ஆடுவதல்ல. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டஞ்சன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், ஒருவர் போர்வீரன். வாள் வீசினால் படுமா படாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். (பகடையை உருட்டி ராஜ்யத்தையும் பெண்டாட்டியையும் தோற்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் இதை வெளியிட்டார்கள்.

பாத்திரத்தை உருவாக்கும்போதே பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு என்று எண்கள் எழுதுவதோடு "அலைன்மென்ட்" என்று ஒரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். நீ நல்லவனா, கெட்டவனா, இரண்டுங்கெட்டானா? 1974-ல் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான் இருந்தன. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் நாவல்களிலிருந்து எடுத்த யோசனை. 1977-ல் நல்லது, கெட்டது என்ற இன்னொரு கோட்டைக் குறுக்கே போட்டு ஐந்தாக்கினார்கள். 1978-ல் ஒன்பது. 2008-ல் மறுபடி ஐந்து. 2014-ல் மறுபடி ஒன்பது. ரேஷன் கார்டு வகைகள்கூட இத்தனை முறை மாறியிருக்காது! ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு அலைன்மென்ட்டுக்கும் தனி பாஷை வேறு உண்டு. நல்லவர்களுக்கு ஒரு மொழி, கெட்டவர்களுக்கு ஒரு மொழி. எதிராளி என்ன பேசுகிறான் என்று கேட்டாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். சுபாவம் மாறிவிட்டாலோ தண்டனை. 1970களின் இறுதியில் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் அலைன்மென்ட் மாறும் பாத்திரம் சேர்த்து வைத்த அனுபவத்தில் ஒரு லெவலை இழக்கும். கெட்டவன் திருந்தினாலும் நஷ்டம்தான். திருந்துவதற்கு அபராதம் போட்ட தர்மசாஸ்திரம் வேறெங்காவது இருக்கிறதா?

ஆட்டக்காரன் நிரப்பும் கட்டம் இருக்கட்டும், அவன் விருப்பம். அரக்கர் புத்தகத்தில் அச்சடித்தே வருகிற கட்டத்தைப் பாருங்கள். 1977-ல் வந்த மான்ஸ்டர் மானுவலில் ஆர்க் என்றால் "லாஃபுல் ஈவில்", அதாவது கட்டுப்பாடான கெட்டவன். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அதே ஆர்க் "கேயாட்டிக்", தறிகெட்ட கெட்டவன். நடுவில் ஆர்க்குகள் மாநாடு போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்களா என்ன? பதிப்பாசிரியர் பேனாவை மாற்றினார், ஒரு இனத்தின் சுபாவம் மாறிவிட்டது. எது மாறினாலும் "கெட்ட" மட்டும் மாறவில்லை.

ஆர்க் குட்டிக் கேள்விக்குக் கைகாக்ஸே 2005-ல் வாசகர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சரணடைந்த கெட்ட இனத்தாரைப் பாலடின் கொல்வதில் பிழையில்லை என்பது அவர் கட்சி. அதற்கு அவர் துணைக்கு இழுத்தது, ஈரை விட்டால் பேனாகும் என்ற பொருளில் வரும் ஓர் ஆங்கிலப் பழமொழியை. அந்தப் பழமொழியோடு அமெரிக்க வரலாற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் கர்னல் சிவிங்டன். 1864-ல் கொலராடோவில் சாண்ட் க்ரீக் என்ற இடத்தில் ஷயான், அரபஹோ பழங்குடிகளின் கூடாரங்களுக்குள் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவித்த படையின் தலைவன். பழமொழி எங்கிருந்து வருகிறது என்று கைகாக்ஸுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கர்னலின் பெயரைச் சொல்லியேதான் சொன்னார்.

தமிழிலும் ஈரும் பேனும் ஒரு பழமொழியில் வருகின்றன. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது. ஆனால் அது ஈரைத் திட்டுவதில்லை, ஆக்குகிறவனைத் திட்டுகிறது.

"அட, விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்பவர்களுக்கு ஒரு சட்டத்தின் ஞாபகம் வந்தால் நல்லது. 1871-ல் வெள்ளைக்காரன் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஜாதியையே பிறவிக் குற்றவாளிகள் என்று அரசாங்கக் கெஜட்டில் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் பதிவு செய்ய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொல்லும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடே நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் சட்டம் போனது. நாடு முழுக்க 1952-ல்.

சட்டம் போனது, கட்டம் போகவில்லை. எங்காவது ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் குறவர் குடியிருப்பிலும் இருளர் குடியிருப்பிலும் போய் ஆளை அள்ளுவது அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. 1993-ல் கடலூர்ப் பக்கம் நடந்த ஒரு காவல் மரண வழக்கை வைத்துத்தான் 2021-ல் "ஜெய் பீம்" படம் வந்தது. குழந்தை பிறக்கும்போதே அதன் ஷீட்டில் "ஈவில்" என்று அச்சடித்து வைத்திருக்கிறது என்ற நம்பிக்கை, மேஜை மேல் விளையாட்டாக இருந்தாலும் ஸ்டேஷனில் லத்தியாக இருந்தாலும், ஒரே நம்பிக்கைதான். ஆர்க்கை வெட்டியவன் நாளைக்கு மனிதனை வெட்டுவான் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் வாரா வாரம் ஆசையாக உட்கார்ந்து பழகுகிற பழக்கம் எது என்று பார்க்க வேண்டாமா?

இப்போது கீழ்பென்னாத்தூர்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் இருக்கிற பேரூராட்சி. கிழக்கே போனால் செஞ்சி, அதை ஒட்டி மேலச்சேரி. திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு ஆதிக்கோயில் மேலச்சேரியில் இருப்பதுதான் என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதி 1988-ல் வெளியிட்ட தடித்த புத்தகம் செஞ்சியிலிருந்துதான் தொடங்குகிறது. கோடை வந்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அக்னி வசந்த விழா. மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. பத்து நாளும் நடக்கும், பதினெட்டு நாளும் நடக்கும், அதற்கு மேலும் நடக்கும். அமெரிக்காவில் 1974-ல் கண்டுபிடித்தார்களாம், ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஒரு நீண்ட கதையைப் பல இரவுகள் நடத்துவதை :-)

அந்தக் கூத்தில் நல்லவன் கெட்டவனை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடுகிறான். திரை விலகினால் கண்ணாடிச் சில்லு மினுங்கும் மரக் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். இதே மாதிரிக் கட்டைவேஷம்தான் கர்ணனுக்கு, இதேதான் அர்ஜுனனுக்கும். முகத்து வர்ணம் மாறும், கம்பீரம் மாறாது. கட்டியக்காரன் எதிரே நின்று யாரப்பா நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று விசாரிக்கிறான், நடுநடுவே கிண்டலடிக்கிறான். ராஜா பதில் சொல்லியாக வேண்டும். வம்சம் என்ன, என்ன காரியமாகச் சபைக்கு வந்தான் என்று தானே சொல்ல வேண்டும். "நான் கெட்டவன்" என்று எந்த வேஷமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது அந்த ராத்திரி அவன் செய்யப் போவதிலிருந்து தெரியும்.

சரி, அப்படியென்றால் கூத்தில் எல்லாம் சாம்பல் நிறம், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, அவரவர் நியாயம் அவரவர்க்கு என்று ஒரு கூட்டம் கிளம்பும். துரியோதனனும் நல்லவன்தான் என்று எழுதிக் கைதட்டு வாங்குகிற கட்டுரையாளர்கள் இவர்கள். இவர்கள் கூத்தைப் பார்த்ததே இல்லை. துகிலுரியும் ராத்திரி என்ன நடக்கிறது? துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் வேஷத்தை நிறுத்துகிறார். அம்மனுக்குக் கற்பூரம் காட்டி, இனிமேல் செய்யப் போவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். பல குழுக்களில் இதுதான் வழக்கம். அதற்குப் பிறகுதான் காட்சி. கூட்டத்தில் சாமி வருகிறவர்களும் உண்டு. செய்வது பாவம் என்பதில் அந்தத் திடலில் யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. செய்கிற நடிகருக்கே இல்லை. எந்த டஞ்சன் மாஸ்டரின் மேஜையில் ஒரு ஈவில் கேரக்டர் கற்பூரம் ஏற்றும் அளவுக்குத் தன் காரியத்தைக் கண்டு பயந்திருக்கிறது? "என் கேரக்டர் கேயாட்டிக் ஈவில், அதனால்தான் கிராமத்தைக் கொளுத்தினேன்" என்று சிப்ஸ் தின்றுகொண்டே சொல்வார்கள். கட்டம் இருப்பதால் பாவம் கூடுவதில்லை, லேசாகிறது. செய்தவன் பொறுப்பைக் கட்டம் வாங்கிக்கொள்கிறது.

நல்லவர்கள் பக்கமும் அதே கதைதான். "லாஃபுல் குட்" என்று எழுதிக்கொண்டால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் தர்மம். பாரதம் அப்படி யாரையும் விட்டதா? துரோணரை வீழ்த்த தர்மர் அஸ்வத்தாமன் பெயரில் ஒரு அரைப் பொய் சொன்னார். அதுவரை பூமியில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்று மண்ணில் இறங்கியது. நாலு விரற்கடை, அவ்வளவுதான்! ஒரே சொல்லுக்கு உடனடியாக ஊரறிய இறங்கிய தண்டனை. தர்மர் கெட்டவர் ஆகிவிடவில்லை, அவருடைய பெயர்கூட மாறவில்லை. ஆனால் தேர் திரும்ப ஏறவும் இல்லை. ஒன்பது கட்டத்தில் இதற்கு எந்தக் கட்டம்?

கர்ணனைக் கேட்கவே வேண்டாம். கர்ண மோட்சக் கூத்தில் போருக்குப் போகாதே என்று பொன்னுருவி மறிக்கிறாள். அவன் போகிறான். தம்பிகளை எதிர்த்து, தோற்கப் போகிற பக்கத்துக்காக. ஏன்? உண்ட சோற்றுக் கடன். வில்லிபாரதத்தில் அவன் குந்தியிடம் சொல்லும் ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. நண்பனின் மனைவியோடு தனியே இருந்த வேளையில் அவள் மேகலை அறுந்து மணி சிதற, உள்ளே வந்த துரியோதனன் துளி சந்தேகமின்றி மணிகளைப் பொறுக்கித் தரவா கோத்துத் தரவா என்று கேட்டானே, அந்த நம்பிக்கைக்கான கடன். தமிழ் பாரதத்தின் மிகப் பெரிய நட்பு கெட்டவனிடம் இருக்கிறது. சபையில் திரௌபதியைப் பற்றி மிகக் கேவலமாகப் பேசியது கொடைவள்ளலிடம் இருக்கிறது. இரண்டையும் கழித்துக் கூட்டி "ட்ரூ நியூட்ரல்" போட்டுவிடலாமா?

பிறவிக் கெடுதிக்கு ஆதாரமாகப் புராணத்து அசுரர்களைக் காட்டுகிறவர்களும் உண்டு. நம்மூரிலேயே அசுரன் என்றால் கெட்ட இனம்தானே என்பார்கள். பிரகலாதன் யார் மகன்? இரணியன் மகன். ஆர்க் குட்டி என்றால் அதுதான் அசல் ஆர்க் குட்டி. விபீஷணன் ராட்சசன். மகாபலி அசுரன், கேரளம் வருஷா வருஷம் பூக்கோலம் போட்டு அவனை வரவேற்கிறது. கொல்லம் மாவட்டத்தில் மலநடையில் துரியோதனனுக்கே கோயில் இருக்கிறது. அசுர குலம் என்பதற்காக எல்லோரையும் ஒரே கணக்கில் முடித்த புராணம் எதுவும் இல்லை, அவரவர் செய்ததற்கு அவரவர் கணக்கு. அதற்கும் மேலே, அந்த ராட்சசர்கள் உண்மையில் யார், தெற்கே இருந்த ஜனங்களுக்கு வடக்கே இருந்தவர்கள் வைத்த பெயரா என்ற சண்டையை இந்த மாநிலம் எப்போதோ போட்டாயிற்று. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946-ல் வந்தது, 1948-ல் தடை செய்யப்பட்டது, 1971-ல்தான் தடை நீங்கியது. அந்தக் கட்சியோடு உடன்படலாம், படாமலும் போகலாம். "இந்த இனம் கெட்டது என்று யார் எழுதினார்கள், எழுதியவருக்கு என்ன லாபம்" என்ற கேள்வி இங்கே புதுசு இல்லை என்பதுதான் விஷயம். விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஆர்க்கையும் டிரௌவையும் பிறவிக் கெட்டவர்களாகக் காட்டியது தவறு என்று ஒப்புக்கொண்டது 2020-ல்.

ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்தார்கள்? 2024 விதிப் புத்தகத்தில் ஆர்க்கும் ஆட்டக்காரர் எடுத்து ஆடக்கூடிய இனங்களில் ஒன்று. 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் மானுவலில் ஆர்க்குக்குத் தனிப் பக்கமே இல்லை. பழைய ஆட்டக்காரர்கள் பாதிப்பேர் சுவாரஸ்யம் போச்சு என்று புலம்புகிறார்கள். புலம்பலில் பாதி நியாயம் உண்டு. கெட்டவனைக் கிழித்துவிட்டால் கதை எங்கே? நம்பியார் இல்லாத எம்ஜிஆர் படத்தை யார் பார்ப்பார்கள்? (நம்பியார் நிஜத்தில் சபரிமலைக்கு மாலை போட்டுப் பலருக்குக் குருசாமியாக இருந்தவர் என்பது வேறு கதை.) நிறுவனம் செய்தது முத்திரையை அழித்தது மட்டும்தான். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

வைக்க வேண்டியது கஷ்டமானதில்லை. அலைன்மென்ட் கட்டத்தில் ஒன்பதில் ஒன்றை எழுதுவதற்குப் பதில் இரண்டு வரி எழுதச் சொல்லலாம். யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய், என்ன சபதம் போட்டிருக்கிறாய். கர்ணனுக்கு முதல் வரி, பீமனுக்கு இரண்டாவது வரி, ஆயிற்று. கடனும் சபதமும் ஒன்றோடொன்று மோதும்போது ஆட்டக்காரன் எதை விடுகிறான் என்பதைப் பார்த்தால் ஆள் யாரென்று மேஜைக்கே தெரிந்துவிடும், புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. டஞ்சன் மாஸ்டர் கட்டியக்காரன் வேலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சதித்திட்டம் தீட்டுவது மட்டுமா அவர் வேலை? ராஜாவை நிறுத்தி, எதுக்கய்யா இதைச் செய்தே என்று நாலு பேர் முன்னால் கேட்கவும் வேண்டும். கிண்டலாகக் கேட்டாலும் சரி. தப்பு செய்தால் லெவலைப் பிடுங்க வேண்டாம், தேரை நாலு விரற்கடை இறக்கினால் போதும். ஊரில் ஒருவன் கடன் தர மறுக்கட்டும், ஒரு குழந்தை பாலடினைப் பார்த்துக் கதவைச் சாத்தட்டும். எதிரி வேண்டுமா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், கொடூரமான எதிரியாகவே. ஆனால் அவன் இன்னது செய்தான் என்பதால் எதிரியாகட்டும். அவன் மகனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு இன்னும் கட்டம்தான் வேண்டும் என்கிறவர்கள் படுகளத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். விழாவின் கடைசியில், பகலில் நடக்கும். திடலில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு ஆள் நீளமல்ல, ஒரு வீட்டு நீளம். வர்ணம் பூசி, மீசை வைத்து, கிரீடம் வைத்து. ராஜா ராஜாவாகத்தான் கிடப்பான். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உடம்பைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடும். தொடையில் அடி விழும். விதிப்படி அடிக்கக் கூடாத இடம், ஆனாலும் விழும். திரௌபதி அந்த ரத்தத்தைப் பூசிக் கூந்தல் முடிவாள். ஜனம் குலவையிடும். அதே திடலில், அதே கூட்டத்தின் நடுவில் பெருந்திருவாள் வந்து புருஷனுக்காக ஒப்பாரி வைப்பாள், குலவையிட்ட கிழவிகளே அதற்கும் அழுவார்கள். எல்லாம் முடிந்ததும் பல ஊர்களில் அந்தத் துரியோதனன் மண்ணை ஒரு கை அள்ளி வீட்டுக்கும் நிலத்துக்கும் எடுத்துப் போவார்கள். சாயங்காலம் தீமிதி.

செமஸ்டர் பரீட்சை முடிகிற சமயமும் விழாக் காலமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். தேதி ஊருக்கு ஊர் மாறும், கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் விசாரித்தால் எந்த ஊரில் என்றைக்குப் படுகளம் என்று சொல்லிவிடுவார்கள். திருவண்ணாமலையில் செஞ்சி பஸ் ஏறினால் போதும். சித்திரை வெயில், மணல் சுடும், தொப்பி எடுத்துப் போவது நல்லது. ராத்திரிக் கூத்து பார்க்கிறவர்கள் பாயும் கொண்டுபோகலாம்.